பெரிய பேட்டரி வேண்டாம், மண்டியில் ஒரு பிளக் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஃபோர்டு கம்பெனி தன்னுடைய எஃப்-150 லைட்னிங் மின்சார பிக்கப்பை நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தாலும் அறிவித்தது, எங்கள் கம்பம் மண்டிப் பக்கம் எலக்ட்ரிக் வண்டி என்று வாயைத் திறக்க முடியவில்லை. "அமெரிக்காக்காரனே கையைத் தூக்கிட்டான், நீ எங்க குமுளி மலையில ஏத்தப் போற" என்கிறார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அந்த வண்டியைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. நான் டீசல் பிக்கப் வைத்துக் காய்கறி லோடு அடிக்கிறவன், எந்த எலக்ட்ரிக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை. ஆனால் அங்கே நின்றுபோன வண்டி வேறு, இங்கே நமக்கு வேண்டிய வண்டி வேறு. அதை யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், வெட்டுவதானால் அமெரிக்கா பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள், மண்டி பகுதியில் கை வைக்காதீர்கள்.

முதலில் அந்த அமெரிக்க வண்டி. லைட்னிங்கை 2021 மே மாதம் காட்டியபோது ஆரம்ப விலை 40,000 டாலருக்கு உள்ளே என்றார்கள். 2023 மார்ச்சில் அதே அடிமட்ட மாடல் 60,000 டாலரைத் தொட்டு நின்றது, அப்புறம் கொஞ்சம் இறக்கினார்கள். டெஸ்லாவின் சைபர்டிரக்கும் அதே கதைதான், 2019-ல் ஒரு விலை சொல்லி 2023 கடைசியில் வண்டியைக் கையில் கொடுக்கும்போது விலை எங்கேயோ போயிருந்தது. ஏன் இவ்வளவு விலை என்றால் பேட்டரி. லைட்னிங்கின் பெரிய பேட்டரி 131 யூனிட், நம் வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட் கணக்குதான். முழுதாக ஏற்றினால் 500 கிலோமீட்டர் ஓடும் என்று அந்த நாட்டுச் சோதனைக் கணக்கு சொல்கிறது. சரி, நல்ல விஷயம்தானே என்றால், பின்னால் ஒரு டிரெய்லரைக் கட்டி இழுத்தால் அது பாதியாகிவிடுகிறது. அங்கே பிக்கப் வாங்குகிறவன் படகையும் குதிரை வண்டியையும் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் நாள் முழுக்கப் போகலாம் என்கிற நினைப்பில்தான் வாங்குகிறான். வருஷத்தில் என்றோ ஒரு நாள் போகப்போகிற அந்தப் பயணத்துக்காக தினமும் ஒரு மலையளவு பேட்டரியைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு பெரியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஜி.எம்.சி. ஹம்மர் இ.வி. என்று ஒரு பிக்கப் இருக்கிறது, ஒரு மூட்டைகூட ஏற்றாமல் வெறும் வண்டியே 4 டன்னுக்கு மேல். அதில் பேட்டரி மட்டும் சுமார் 1,300 கிலோ. நம் ஊர் பிக்கப் ஒன்று சட்டப்படி ஏற்றக்கூடிய மொத்த லோடே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது தக்காளிக்குப் பதிலாகப் பேட்டரியை ஏற்றிக்கொண்டு சும்மா சுற்றுகிறார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். லைட்னிங்கில் 9.6 கிலோவாட் வரைக்கும் கரன்ட் வெளியே எடுக்கிற பிளக்குகள் கொடுத்தார்கள். வேலை நடக்கிற இடத்தில் ரம்பம், வெல்டிங், எது வேண்டுமானாலும் ஓட்டலாம், புயலில் கரன்ட் போனால் வீட்டையே மூன்று நாள் வரை தாங்கும் என்றார்கள். அந்த யோசனையை நம் ஆட்கள் யாராவது திருடிக்கொண்டு வந்தால் புண்ணியமாகப் போகும். தோப்புக்குள் வண்டியை நிறுத்தி மருந்தடிக்கிற பம்பும் எடை மெஷினும் அதிலேயே ஓடுமானால் ஜெனரேட்டர் வாடகை மிச்சம்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், கம்பம் பள்ளத்தாக்கு என்பது சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று வரிசையாகப் போய் லோயர் கேம்ப்பில் மலையடிவாரத்தில் முட்டி நிற்கும். மேலே ஏறினால் குமுளி, கேரளா. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஒரு பாதை, போடியிலிருந்து போடிமெட்டு வழியாக இன்னொரு பாதை. இடுக்கி மாவட்டத்தின் அடுப்பில் வேகிற காய்கறியில் பெரும்பங்கு இந்த மூன்று பாதையில்தான் ஏறுகிறது. நள்ளிரவில் லோடு ஏற்றி, விடிவதற்குள் குமுளி, வண்டிப்பெரியாறு, கட்டப்பனை, நெடுங்கண்டம் கடைகளில் இறக்க வேண்டும். முட்டைக்கோஸ், தக்காளி, முருங்கை, சின்னமனூர் வாழை, பன்னீர் திராட்சை. திரும்பும்போது பெரும்பாலும் வெறும் வண்டி. அதிர்ஷ்டம் இருந்தால் போடிக்கு ஏலக்காய் மூட்டையோ மிளகோ கிடைக்கும், இல்லையென்றால் காலி டிரேக்கள்தான் ரிட்டர்ன் லோடு.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், எங்களில் யாரும் இன்றைக்கு எங்கே போகப் போகிறோம் என்று தெரியாமல் வண்டி எடுப்பதில்லை. தினம் அதே ரோடு, அதே கடை, அதே வளைவு. அமெரிக்காக்காரனுக்கு இருக்கிற அந்த "எங்கேயாவது போய் மாட்டிக்கொண்டால்" என்கிற பயம் எங்கள் தொழிலில் ரொம்பக் குறைவு. மின்சார வண்டிக்கு இதைவிடத் தோதான வேலை இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை, ஒரே ஒரு சிக்கலைத் தவிர. மலை.

என் மச்சான் ஒரு எலக்ட்ரிக் குட்டியானை, அதாவது டாடா ஏஸ் இ.வி., வாங்கிச் சின்னமனூரிலிருந்து கடைகளுக்கு மளிகை இறக்கிக்கொண்டிருக்கிறார். 21.3 யூனிட் பேட்டரி, 600 கிலோ லோடு. சமவெளியில் அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எனக்கு மலை ஏறுமா என்று பார்க்க வேண்டும் என்பதால் தக்காளி டிரேக்களை அளவாக 600 கிலோவுக்கு ஏற்றிக்கொண்டு, மச்சானை ஓட்டச் சொல்லி, கம்பத்திலிருந்து குமுளிக்குப் போனோம். கிளம்பும்போது மீட்டரில் சார்ஜ் 95 சதவீதம். லோயர் கேம்ப் வரும்வரை சும்மா ஒன்று ஒன்றாகக் குறைந்துகொண்டு வந்தது. மலை தொடங்கியதும் பார்க்க வேண்டுமே, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு எண் கீழே இறங்குகிறது, மச்சான் ரோட்டைப் பார்ப்பதா மீட்டரைப் பார்ப்பதா என்று தவிக்கிறார். குமுளியில் போய் நின்றபோது 66.

ஆனால் அந்த ஏற்றம் இருக்கிறதே, அதைச் சொல்லியே ஆக வேண்டும். டீசல் வண்டியில் லோடோடு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது எதிரே கேரளா பஸ் வந்து நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று இந்த ரோட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். ஃபர்ஸ்ட் கியர், பாதி கிளட்ச், வண்டி ஒரு சாண் பின்னால் உருளும், கிளீனர் இறங்கி டயருக்குக் கல் வைப்பான், கிளட்ச் பிளேட் கருகுகிற வாடை கேபினுக்குள் வரும். மின்சார வண்டியில் கிளட்ச்சே இல்லை. மோட்டாருக்கு நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை உண்டு, ஆக்சிலேட்டரை மிதித்தால் உறுமாமல் முனகாமல் ஏறிக்கொள்கிறது. வருஷத்துக்கு ஒரு கிளட்ச் செட் மாற்றுகிற எனக்கு அதைப் பார்த்ததும் வயிற்றெரிச்சல்தான் வந்தது. ஒரு சங்கடம், சத்தமே இல்லாததால் குமுளி மூடுபனியில் ரோட்டோரம் நடப்பவர்களுக்கு வண்டி வருவது தெரியாது, ஹாரன் அடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

அந்த 29 சதவீதம் எங்கே போனது என்று அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு டன் எடையை 100 மீட்டர் உயரம் தூக்க கால் யூனிட்டுக்குச் சற்று மேலே ஆகும், இது பள்ளிக்கூடத்து இயற்பியல்தான். வண்டியும் லோடும் சேர்ந்து 1.8 டன், லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் என்று வைத்தால் தூக்குவதற்கு மட்டும் இரண்டரை யூனிட். அதோடு மோட்டாரில் வீணாவது, டயர் உராய்வது, கம்பத்திலிருந்து அடிவாரம் வரை ஓடியது எல்லாம் சேர்ந்தால் 6 யூனிட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஆக மலை வண்டியைத் தின்றுவிடவில்லை, நியாயமான கூலியைத்தான் கேட்டிருக்கிறது. போடிமெட்டு ஆயிரம் மீட்டர் ஏற்றம், 17 கொண்டை ஊசி. அங்கே தூக்குகிற கூலி மட்டும் 5 யூனிட், அதையும் இந்த வண்டி ஏறிவிடும், ஆனால் மேலே ஏறியபிறகு பூப்பாறை, நெடுங்கண்டம் என்று சுற்ற மிச்சம் இருக்காது.

இறங்கும்போது சார்ஜ் திரும்ப ஏறும் என்கிறார்களே என்று கேட்பீர்கள். ஏறும். மோட்டாரே டைனமோ மாதிரி சுற்றி வேகத்தைப் பிடித்துக்கொள்வதால் பிரேக்கைத் தொடாமலே பாதி மலை இறங்கலாம், லைனிங் சூடாகி வாடை வருகிற பேச்சே இல்லை. ஆனால் சுவிட்சர்லாந்தில் ஒரு சுண்ணாம்புக் குவாரியில் ஓடுகிற இ-டம்பர் என்கிற மின்சார லாரியைக் காட்டி "சார்ஜே போட வேண்டாம், இறங்கும்போதே ஏறிக்கொள்ளும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள் பாருங்கள், அது நமக்குப் பொருந்தாது. அந்த லாரி மேலே வெறுமனே போய், 60 டன்னுக்கு மேல் கல்லை ஏற்றிக்கொண்டு கீழே வருகிறது. நாம் லோடோடு ஏறி வெறுமனே இறங்குகிறோம், அப்படியே தலைகீழ். எங்களுக்கு லோயர் கேம்ப் வந்தபோது இரண்டு மூன்று சதவீதம் கூடியிருந்தது, அவ்வளவுதான். இன்னொன்று, மேலே வைத்து நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு இறங்கக் கூடாது. பேட்டரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் வருகிற கரன்ட்டை வைக்க இடமில்லாமல் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும், பிறகு முழுக்க பிரேக்கை நம்பித்தான் வர வேண்டும். இதை மச்சானுக்கு வண்டி விற்ற ஷோரூமில் ஒருவரும் சொல்லவில்லை, சமவெளியில் விற்கிறவர்களுக்கு மலையைப் பற்றி என்ன கவலை.

சரி, பணக் கணக்கு. சமவெளியில் கிலோமீட்டருக்கு 0.2 யூனிட் என்று தாராளமாக வைத்து, யூனிட் 10 ரூபாய் என்றாலும் 2 ரூபாய். அதே அளவு டீசல் குட்டி வண்டி லிட்டருக்கு 15 கொடுத்தால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் பக்கம் வந்துவிடும், ஆயில், ஃபில்டர், கிளட்ச் தனி. மலையில் இரண்டுக்குமே செலவு கூடும், ஆனால் வித்தியாசம் அப்படியே நிற்கிறது. இதை எந்த மண்டிக்காரரிடம் சொன்னாலும் தலையாட்டுவார். அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வோம்: "கட்டப்பனை போயிட்டு வருமா?"

வராது. கம்பத்திலிருந்து குமுளி வழியாகக் கட்டப்பனை போய்த் திரும்பினால் நூறு கிலோமீட்டரைத் தாண்டும், குமுளிக்கு அந்தப் பக்கமும் ஏற்ற இறக்கம்தான். இந்தச் சின்னப் பேட்டரிக்கு அது தாங்காது. இங்கேதான் எல்லோரும் "அப்ப பெரிய பேட்டரி வேணும்" என்கிறார்கள், அமெரிக்காவில் போன அதே வழி. நான் சொல்வது வேறு.

எங்கள் வண்டிகள் எங்கே சும்மா நிற்கின்றன என்று பாருங்கள். லோடு ஏற்றுவதற்கு முன் மண்டி வாசலில் வரிசை. கட்டப்பனையில் போய்ச் சேர்ந்தால் கடைக்காரர் வந்து ஷட்டரைத் திறந்து, இறக்குகிறவர்கள் வந்து, எடை பார்த்து, பேப்பரில் எழுதி, போன வாரத்துப் பாக்கிக்கு நாலு வார்த்தை பேசி, டீ குடித்து, இரண்டு மணி நேரம் எங்கேயும் போகாது. வீட்டில் ஏ.சி.க்குப் போடுகிற மாதிரி ஒரு சாதாரண 16 ஆம்பியர் பிளக், 3.3 கிலோவாட், அந்த இரண்டு மணி நேரத்தில் ஆறரை யூனிட் கொடுத்துவிடும். அதாவது 30 சதவீதம். குமுளி மலை ஏறினதற்கு ஆன மொத்தச் செலவும் அங்கேயே திரும்பி வந்துவிடுகிறது. கட்டப்பனையில் ஒரு பிளக், கம்பம் மண்டியில் ஒரு பிளக், இரண்டும் இருந்தால் 21 யூனிட் பேட்டரியே கட்டப்பனை போய் வரும், இருபது முப்பது லட்சம் செலவில் வேக சார்ஜர் எல்லாம் தேவையே இல்லை.

இது ஒன்றும் கனவு இல்லை. கேரள மின்வாரியம் ஆட்டோவுக்கும் இருசக்கர வண்டிக்கும் என்று கரன்ட் கம்பத்திலேயே சின்ன சார்ஜர்களை மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் மாட்டியிருக்கிறது. அதே சாமான்தான், மார்க்கெட்டில் லோடு வண்டி நிற்கிற பக்கத்துக் கம்பத்தில் மாட்டினால் போதும். ஆனால் அங்கேயும் ஒரு இடி. கேரளாவில் பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது என்று காலை 9 முதல் மாலை 4 வரை சார்ஜிங் கட்டணத்தைக் குறைத்திருக்கிறார்கள், மற்ற நேரத்தில் கூடுதல். எங்கள் வண்டி மேலே நிற்பது விடியற்காலை 5 மணிக்கு. 9 மணிக்கு நாங்கள் மலை இறங்கி வீட்டில் தூங்கிக்கொண்டிருப்போம். காய்கறிக்காரனுக்கும் பால்காரனுக்கும் சூரியனைப் பார்த்து வேலை செய்ய முடியுமா?

கீழே நம் பக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெட்ரோல் பங்குகளில் வருகிற சார்ஜர்கள் காருக்காக வைத்தவை, முன்னால் லோடு வண்டியைக் கொண்டு போய் நிறுத்தினால் முறைப்பார்கள். வீட்டில் போடலாம் என்றால், டிரைவர்கள் பாதிப் பேர் சந்துக்குள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். வண்டி மெயின் ரோட்டில், மீட்டர் மாடியில். வீட்டுக்காரரிடம் கேபிள் இழுக்கிறேன் என்று கேட்டால் வீட்டையே காலி செய்யச் சொல்வார்.

இத்தனைக்கும் மின்சாரம் பிறக்கிற இடத்திலேயே இருக்கிறோம். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டியது, அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து ராட்சதக் குழாய்களில் இறங்கி லோயர் கேம்ப்பில் டர்பைனைச் சுற்றுகிறது. குமுளி ரோட்டில் ஏறுகிற ஒவ்வொரு டிரைவரும் அந்தக் குழாய்களைப் பார்த்துக்கொண்டேதான் டீசலை எரிக்கிறான். பென்னிகுவிக் மணிமண்டபம் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, அங்கே நாலு பிளக் வைத்தால் மலை ஏறுவதற்கு முன் ஒரு டீ நேரம் போட்டுக்கொள்ளலாம். தமிழ்நாட்டு மின்சாரத்தில் நிலக்கரியும் நிறைய இருக்கிறது, சுத்தம் சுத்தம் என்று நான் மேடை போட வரவில்லை. ஆனால் தென்மேற்குப் பருவத்தில் அணையில் தண்ணீரும் ஓடுகிறது, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலையும் சுற்றுகிறது, அதே சமயத்தில்தான் டீசலுக்கு நாங்கள் கடன் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இனி வண்டி பக்கத்துக் குறைகள். 600 கிலோ என்பது மச்சானுக்குப் போதும், எனக்குப் போதாது. 2024-ல் ஒரு டன் ஏற்றுகிற ஏஸ் இ.வி. 1000 வந்தது, பரவாயில்லை. ஆனால் இந்த ரோட்டின் உண்மை என்னவென்றால் ஒன்றரை டன் பிக்கப்பில் இரண்டு டன்னைத் திணிக்கிறோம், வாடகைக் கணக்கே அப்படித்தான் போடப்படுகிறது, சரி என்று சொல்லவில்லை, நடப்பது அதுதான். டீசல் வண்டியில் அந்த அதிக அரை டன்னுக்கு டீசல் கொஞ்சம் கூடக் குடிக்கும், ஸ்பிரிங் பட்டை முனகும், அவ்வளவுதான். மின்சார வண்டியில் அது நேராக மீட்டரில் தெரியும், மலை நடுவில் தெரியும். அந்த அளவுக்கு மின்சார பிக்கப் இல்லாமல் இல்லை. அசோக் லேலண்டின் ஸ்விட்ச் கம்பெனி ஐ.இ.வி.4 என்று 1.7 டன் லோடுக்கு விடுகிறது, முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா 2025 ஜனவரியில் இவியேட்டர் என்று மூன்றரை டன் மொத்த எடையில் கொண்டுவந்தது, விலை 16 லட்சத்தை ஒட்டி. இரண்டுமே சென்னைக் கம்பெனிகள் என்பதில் சந்தோஷம். ஆனால் டீசல் பிக்கப் பத்து லட்சம் பக்கத்தில் கிடைக்கும்போது அந்த ஐந்தாறு லட்ச வித்தியாசத்தை யார் தருவது?

ஃபைனான்ஸ்காரர் தரமாட்டார். டீசல் பிக்கப் என்றால் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தைப் போட்டுவிடுவார்கள், டியூ தவறினால் வண்டியைத் தூக்கி அடுத்த வாரமே விற்றுவிடலாம் என்கிற தைரியம். மின்சார வண்டி என்றதும் முன்பணம் கூடுதல், வட்டி கூடுதல், தவணைக் காலம் குறைவு. ஐந்து வருஷம் கழித்து அந்தப் பேட்டரி என்ன விலைக்குப் போகும் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. நான் விசாரித்த ஓர் இடத்தில் "வண்டியோட தோட்டத்துப் பத்திரமும் வைங்க" என்றார்கள். ஒரு வண்டிக்கு அப்பா சம்பாதித்த நிலத்தை வைப்பதா?

அரசாங்கமும் தராது, இதுதான் எனக்கு ஆறாத விஷயம். பி.எம். இ-டிரைவ் என்று 10,900 கோடி ரூபாய் திட்டம் 2024-ல் வந்தது. இருசக்கர வண்டிக்கு வைத்தார்கள், மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கு வைத்தார்கள், பஸ்ஸுக்கு வைத்தார்கள், 500 கோடியை லாரிக்கு ஒதுக்கி, ஒரு லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் வரை மானியம் என்றார்கள். ஆனால் லாரி என்றால் மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேல் இருக்க வேண்டும். மூன்று சக்கரத்துக்கும் பெரிய லாரிக்கும் நடுவில் இருக்கிற நாலு சக்கரக் குட்டியானை, பிக்கப் இதற்கெல்லாம் ஒன்றுமில்லை. நாட்டில் கடைசிக் கடை வரை சாமான் கொண்டு போகிற வண்டி எது என்று திட்டம் போட்டவர்கள் ஒரு நாள் காலையில் ஏதாவது ஒரு மண்டி வாசலில் நின்று பார்த்திருந்தால் போதும்.

ஒரு சலுகை இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். மின்சாரப் போக்குவரத்து வாகனங்களுக்குப் பர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. மொத்த எடை 3 டன்னுக்குள் இருக்கிற வண்டிக்கு முன்பே பர்மிட் வேண்டியதில்லை, அதற்கு மேலே போகிற பிக்கப் வைத்துக்கொண்டு தினம் கேரளா போகிறவர்களுக்கு இது உண்மையிலேயே உபயோகம். பச்சை நம்பர் போர்டில் மஞ்சள் எழுத்து, அதைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ரிப்பேர் பற்றியும் ஒரு வார்த்தை. மலையில் டீசல் வண்டி படுத்தால் கம்பத்திலிருந்து ஒரு மெக்கானிக் பைக்கில் வந்து, ஒன்றும் இல்லாவிட்டால் கயிறு கட்டியாவது இழுத்துக்கொண்டு போய்விடுவார். மின்சார வண்டியில் மோட்டார் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றுவதால் சக்கரம் தரையில் உருள இழுக்கக் கூடாது, வேறு லாரியில்தான் ஏற்ற வேண்டும். லேப்டாப்பும் சர்வீஸ் ஆளும் மதுரையிலிருந்து வர வேண்டும். அதற்குள் தக்காளி சாம்பார் ஆகிவிடும். எங்கள் ஊர் ஐ.டி.ஐ. பையன்களுக்கு இதில் ஒரு பயிற்சி கொடுத்தால் கம்பத்திலேயே நாலு பேர் பிழைப்பார்கள், வேலை கிடைக்கவில்லை என்று திருப்பூர் பஸ் ஏறுகிறவர்கள் குறைவார்கள்.

ஆக எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், ஐநூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டி வேண்டாம். ஒன்றரை டன் லோடோடு குமுளி ஏறி இறங்குகிற, முப்பது யூனிட் பேட்டரி வண்டி போதும், பன்னிரண்டு லட்சத்துக்குள் வந்தால் நாளைக்கே வாங்க ஆள் இருக்கிறது. மூன்றரை டன்னுக்குக் கீழே உள்ள வண்டிக்கும் மானியம் வேண்டும், வட்டியில் பாதியைக் கழித்தாலும் சரி. கம்பம், சின்னமனூர், லோயர் கேம்ப், அந்தப் பக்கம் குமுளி, கட்டப்பனை, நெடுங்கண்டம் மார்க்கெட்டுகளில் லோடு வண்டி நிற்கிற இடத்தில் சின்ன பிளக் வேண்டும், இரண்டு மாநில மின்வாரியமும் ஒரே மாதிரி செயலியில் பணம் வாங்கினால் இன்னும் நல்லது, ஒரு மலைக்கு இரண்டு செயலி வைத்துக்கொண்டு சிக்னல் இல்லாத இடத்தில் ஓ.டி.பி.க்குக் காத்துக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் பக்கத்து வியாபாரிகளிடம் இதைப் பேசிப் பார்த்தேன். இடம் தருகிறோம், வயரிங் செலவிலும் பங்கு போடுகிறோம் என்று சிலர் சொல்லிவிட்டார்கள். மின்சார அலுவலகத்தில் கேட்டபோது மீட்டரைக் கடைக் கணக்கில் போடுவதா, சார்ஜிங் நிலையக் கணக்கில் போடுவதா, யார் பெயரில் கொடுப்பது என்று தெரியவில்லை, மேலே எழுதிக் கேட்கிறோம் என்றார்கள். ஆவணியில் கேட்டது. பதில் வந்தால் மச்சான் கட்டப்பனைக்கு ஒரு நடை அடிக்கத் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
காய்கறி லோடு வண்டி உரிமையாளர் ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்.